கட்டத்துக்குள் வராத ஸ்ரீரங்கம்

உத்தர வீதியில் எங்கள் அடுத்த வீட்டு மாமா, பொன்மலை ரயில்வே பணிமனையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். எதையும் எக்செல்லில் ஏற்றினால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவு வாக்காளர் பட்டியல் 2025 டிசம்பர் 19 அன்று வெளியானதும், ஸ்ரீரங்கம் தொகுதியில், அதாவது 139-இல், எங்கள் பாகத்தின் பிடிஎஃப்பை இறக்கிப் பென்டிரைவோடு வந்துவிட்டார்.

"நம்ம தெருக்காரா யார் பேரெல்லாம் விட்டுப்போயிருக்குன்னு பாக்கணும்டா. காப்பி பண்ணினா ஒட்டவே மாட்டேங்கறது."

பென்டிரைவில் இன்னும் இரண்டு கோப்புகள்: ஆடிட்டர் பூட்டிக் கொடுத்த குடியிருப்போர் சங்கக் கணக்கு, சங்கத்தின் பழைய உறுப்பினர் பட்டியல். மூன்றும் மூன்று விதத்தில் மக்கர் செய்தன.

கணக்குக் கோப்புதான் சுலபம். பிடிஎஃப்பில் கடவுச்சொல் இரண்டு வகை. ஒன்று, கோப்பைத் திறக்கவே கேட்பது. மற்றது, படித்துக்கொள், நகலெடுக்காதே என்பது. இரண்டாவதைப் பூட்டு என்பதே அதிகம். சுவரில் 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதி வைப்பது போலத்தான். படிக்கும் மென்பொருள் மதித்தால் உண்டு. ஒக்குலார் என்ற இலவச மென்பொருளில் மதிக்கலாமா வேண்டாமா என்பதற்கு ஒரு டிக்கே இருக்கிறது. நான் கியூபிடிஎஃப் என்ற கருவியில் ஒரு வரிக் கட்டளை கொடுத்தேன், தடை போய்விட்டது. பிறகு அட்டவணையைப் பிரித்தெடுக்கும் டபுலாவில் அதைச் சுற்றிக் கட்டம் இழுத்தால் வரிசையும் பத்தியும் குலையாமல் வந்தன. எங்கள் சங்கத்தின் சொந்தக் கணக்கு என்பதால் தயங்கவில்லை. அடுத்தவர் புத்தகத்தில் இதைச் செய்ய நினைப்பவர்கள் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் சேர்ந்த 65ஏ பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள்: உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டாண்டு வரை சிறை.

உறுப்பினர் பட்டியல் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தது. நகலெடுத்து ஒட்டினால் 'தமிழ்' என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கில எழுத்துகளாய் வந்து நிற்கும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-இல். அதற்கு முந்தைய கோப்புகள் பலவற்றுக்கும் இதே கதிதான். இணையத்தில் இலவச எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன. ஐந்து நிமிட வேலை.

வாக்காளர் பட்டியல்தான் மூன்று ராத்திரியைத் தின்றது. அதில் பூட்டே இல்லை, எழுத்தும் இல்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரு படம். தேடும்படியான எழுத்து வடிவில் பட்டியல் வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர் கமல்நாத் தொடுத்த வழக்கை 2018-இல் தள்ளிய உச்ச நீதிமன்றம், வேண்டுமானால் தம் சொந்த முயற்சியில் மாற்றிக்கொள்ளலாம் என்றது. அந்தச் சொந்த முயற்சிக்கு என்ன விலை என்று இப்போது எனக்குத் தெரியும்.

கையில் எடுத்தது டெசராக்ட். 1980-களில் எச்பி ஆய்வகத்தில் பிறந்து, 2005-இல் திறந்த மூலமான எழுத்துணரி. கணினியிலேயே ஓடுவது இதன் பெரிய வசதி. ஊரார் வயதும் வீட்டு எண்ணும் இருக்கிற கோப்பை 'இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்கிற ஏதோ ஒரு தளத்தில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. கூகுள் டிரைவில் என் அடையாள அட்டையை மட்டும் போட்டுப் பார்த்தேன். தமிழை அது இன்னும் நன்றாகவே படிக்கிறது, ஆனால் கட்டங்களைக் கலைத்துவிடுகிறது.

பட்டியலின் பக்கத்தில் மூன்று பத்தி, பத்து வரிசை, முப்பது பெட்டி. அப்படியே கொடுத்தால் டெசராக்ட் குறுக்கே படித்து, ஒருவர் பெயருக்கு அடுத்த பெட்டிக்காரரைத் தகப்பனாராக்கிவிடுகிறது. பெட்டி பெட்டியாக வெட்டி, தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் படிக்கச் சொன்ன பிறகே உருப்பட்டது. அப்போதும் துணைக்காலை 'ர' என்கிறது, 'ன'வுக்கும் 'ண'வுக்கும் தடுமாறுகிறது. அடையாள அட்டை எண்ணில் பூஜ்யமும் 'ஓ'வும் இடம் மாறுகின்றன. மூன்று ஆங்கில எழுத்து, ஏழு இலக்கம் என்ற அமைப்புக்குள் வராத எண்களைச் சிவப்பாக்க ஒரு சூத்திரம் போட்டேன். கண்ணால் சரிபார்க்கும் வேலை பாதியானது.

எக்செல் தன் பங்குக்கு விளையாடியது. 12/5 என்ற வீட்டு எண்ணை மே மாதம் 12-ஆம் தேதி ஆக்கிவிட்டது. ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' என்று மாற்றி வைக்காவிட்டால் தெருவே காலண்டராகிவிடும்.

கணக்கும் பழைய பட்டியலும் மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இந்த மென்பொருள்களைச் சிபாரிசு செய்வேன். வாக்காளர் பட்டியலுக்கு, ஒரு பாகம் என்றால் சரி. தொகுதி முழுக்க என்று யாராவது கேட்டால் கும்பிடு போட்டுவிடுவேன்.

நான்காம் நாள் காலை கோப்பைக் கொடுத்தேன். மாமா ஸ்ரீயில் தொடங்கும் தன் பெயரை அடித்துத் தேடினார். இல்லை. மறுபடி தேடினார். முகம் வெளிறிவிட்டது. "நாப்பது வருஷமா ஓட்டுப் போடறேன்டா!"

பெயர் இருந்தது. யூனிகோடில் ஸ்ரீயை இரண்டு விதமாய் எழுதலாம்: 'ஸ'வில் தொடங்கி ஒன்று, 2005-இல் சேர்ந்த 'ஶ'வில் தொடங்கி இன்னொன்று. கண்ணுக்கு இரண்டும் பெரும்பாலும் ஒன்றே, எக்செல்லுக்கு வேறு வேறு. கோப்பில் இருந்தது ஒரு ஸ்ரீ, மாமாவின் கீபோர்டு அடித்தது மற்றது. எல்லாவற்றையும் ஒன்றாக்கி மறுபடி தேடச் சொன்னேன். அந்த ஒரு பாகத்தில் மட்டும் எத்தனை ஸ்ரீநிவாசன்கள்!