ஓரியூரின் இரத்தசாட்சியும் தள்ளப்பட்ட மனைவியும்

இயேசு சபைக் குருவாகிய ஜான் டி பிரிட்டோ, தமிழ் மக்களால் அருளானந்தர் எனப் போற்றப்படுபவர், 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டு இரத்தசாட்சியாய் மரித்தார். 1947இல் ரோமச் சபை அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தது. அவர் வாழ்க்கையை எழுதுவோர் வழக்கமாக ஓர் ஒப்புமையைக் கையாளுகின்றனர். அருளானந்தர் மற்றொரு யோவான்ஸ்நானன்; சேதுபதி ஏரோது; முறையிட்ட பெண் ஏரோதியாள். இவ்வொப்புமை பொருந்துமா என ஆராய்வதே நம் நோக்கம்.

அவருடைய சாட்சியின் மெய்ம்மையை நாம் ஐயுறவில்லை. 1647இல் லிஸ்பன் நகரில் உயர்குடியிற் பிறந்து அரண்மனையில் வளர்ந்தவர், மதுரை மிஷனில் காவியுடுத்துப் பண்டாரசுவாமியாய் வாழ்ந்தார். 1686இல் மறவர் நாட்டில் பிடிபட்டு வதைக்கப்பட்டார். சேதுபதி அவரை விடுவித்து, இனி அந்நாட்டில் போதிக்கலாகாது எனக் கட்டளையிட்டார். பின்னர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டபோது, இளமைத் தோழரான போர்த்துக்கல் மன்னர் தம்முடன் தங்கும்படி வேண்டினார். அவரோ 1690இல் இந்தியா திரும்பினார். சாவு காத்திருந்த நாட்டிற்கு அறிந்தே சென்றவரை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

எனினும் சாவுக்கு வழிவகுத்த நிகழ்ச்சியை உற்று நோக்குதல் வேண்டும். மறவர் நாட்டு அரசுரிமைக்குப் பாத்தியதை உடைய தடியத்தேவர் ஞானஸ்நானம் கேட்டார். அவருக்கு மனைவியர் பலர். ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களைத் தள்ளிவிட வேண்டும் என்பது நிபந்தனை, அவரும் இணங்கினார். தள்ளப்பட்டவர்களுள் ஒருத்தி கிழவன் சேதுபதியின் நெருங்கிய உறவினள். அவள் முறையிட்டாள். அருளானந்தர் சிறைப்பட்டார். போட்டியாளர் ஒருவர் கிறிஸ்தவராவதில் சேதுபதி கண்ட அரசியல் அச்சமும் இதில் கலந்திருந்தது.

ஏரோதியாள் உயிரோடிருந்த கணவனை விட்டு அவன் சகோதரனைச் சேர்ந்தவள்; தன் பாவம் கடிந்துரைக்கப்பட்டதற்காகப் பழிவாங்கினாள். இப்பெண் செய்த பாவம் யாது? தன் நாட்டு முறைப்படி மணந்தவள். ஒருவன் பெற்ற ஞானஸ்நானத்தால் மனைவி என்னும் நிலையை இழந்தவள். அவளுக்கு உணவும் உடையும் தடையின்றிக் கிடைத்திருப்பினும் அவ்விழப்பு ஈடாகாது. அவளை ஏரோதியாள் என்பது அவள் வழக்கைக் கேளாமலே தீர்ப்பளிப்பதாகும்.

இதனால் பலதார மணத்தை நாம் ஆதரிக்கிறோம் என எவரும் கருத வேண்டாம். 1710இல் அதே சேதுபதி இறந்தபோது அவர் மனைவியர் 47 பேர் உடன்கட்டை ஏறினர் என இயேசு சபை மடலொன்று கூறுகிறது. அவ்வமைப்பின் கொடுமை அதுவே. ஆனால் அந்தக் கொடுமைக்குள் சிக்கியிருந்தவர்களையே வெளியேற்றுவது அதற்குப் பரிகாரமாகுமா? மனைவியைத் தள்ளிவிடுதலைக் கர்த்தர் வெறுக்கிறார் என மல்கியா அறிவித்ததை இங்கு மறக்கலாகாது.

ரோமச் சபையை மட்டும் குறைகூற நமக்கு உரிமையில்லை. 1888இல் லாம்பெத் மாநாடு பலதாரமுடைய ஆடவருக்கு ஞானஸ்நானத்தை மறுத்தது. சரியாக நூறாண்டு கழித்து, 1988இல், அதே மாநாடு தன் நிலையை மாற்றிற்று. இனி வேறு மணம் செய்வதில்லை என்ற வாக்குறுதியுடனும், உள்ளூர்ச் சமுதாயத்தின் இசைவுடனும், அத்தகையோரை மனைவி மக்களோடு ஏற்கலாம் என்றது. தள்ளப்படும் பெண்கள் சமுதாயத்தில் அடையும் இழப்பைக் கருதி, அவர்களைத் தள்ளும்படி வற்புறுத்தலாகாது எனவும் கூறிற்று. ஓரியூரில் எழுந்த கேள்வியைத் திருச்சபை காதுகொடுத்துக் கேட்க ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் சென்றன.

இரத்தசாட்சியின் தைரியம் அவர் விதித்த ஒவ்வொரு நிபந்தனைக்கும் நியாயமாகிவிடாது. அந்நிபந்தனையின் குறையும் அவர் சிந்திய இரத்தத்தை மதிப்பற்றதாக்காது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் வரலாறே உண்மையான வரலாறு. மனந்திரும்பிய ஒருவரைச் சபையில் சேர்க்கும்போது, அவரை மட்டுமன்றி, அந்தச் சேர்க்கையால் வாசலுக்கு வெளியே நிற்க நேர்பவர் யார் எனவும் திரும்பிப் பார்ப்பது போதகராகிய நம் கடமையன்றோ?