'என் சரித்திர'த்தில் மாணவரும் மரபும்

உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்து, 1942இல் அவர் மறைந்தமையால் முற்றுப்பெறாது நின்ற நூல். பழைய குருகுலக் கல்விக்குப் புகழ்மாலையாகவே இதனை எடுத்தாளுவோர் உண்டு. ஆனால் ஊன்றிக் கற்குமிடத்து, அம்மரபின் ஆற்றலையும் எல்லையையும் இந்நூல் ஒருங்கே காட்டுவதை நாம் காண்கிறோம்.

1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைந்த மாணவர், 1876இல் ஆசிரியர் மறையும்வரை அவரிடம் பயின்றார். பாடத்திற்கெனத் தனி மணி வகுக்கப்படவில்லை. ஆசிரியர் செய்யுள் சொல்ல, மாணவர் ஏட்டில் எழுதுவதே ஒரு பாடமாயிற்று. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ் என நூல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயிலப்பட்டன. மொழியின்மீது உறுதியான பிடிப்பை இப்பயிற்சியே தந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

எனினும் எல்லையும் உண்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் தொடங்கிய இசைப் பயிற்சியை, ஆசிரியர் விரும்பவில்லை என்றறிந்ததும் மாணவர் கைவிட்டார். 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் அவரைச் சந்தித்தபோது, கற்ற நூல்களின் நீண்ட பட்டியலைக் கேட்டும் வியக்கவில்லை. அவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைக் கற்றதுண்டா என்றே வினவினார். சீவக சிந்தாமணிப் பிரதி அவ்வாறுதான் கைக்கு வந்தது. சைவ மடத்தில் பயின்ற புலவருக்கு அதன் சமயச் செய்திகள் விளங்கவில்லை. அவர் சைனர்களை நாடிச்சென்று கேட்டறிந்தார். 1887இல் அந்நூல் பதிப்பாக வெளிவந்தது.

அத்தகைய கேள்வி மடத்தினுள்ளிருந்தே ஏன் எழவில்லை என்பதை நூலாசிரியர் விரிவாக ஆராயவில்லை. குருபக்தி அவ்விடத்தில் அவர் எழுதுகோலைத் தடுத்தது போலும். இதனை நூலின் குறையென்றே நாம் கருதுகிறோம். ஆயினும், நிகழ்ந்ததை மறையாது எழுதியிருப்பதால், அவர் கேளாத கேள்வியை நாம் கேட்க இடமுண்டாகிறது.

இறையியல் மாணவர் இந்நூலை வாசித்தல் நலம். வகுப்பறைக் குறிப்புகளை மனனஞ்செய்து தேர்வுத்தாளில் ஒப்பிப்பதும் நம்மிடையே ஒரு மரபாகிவிட்டது. அதில் மகாவித்துவானின் தோழமையும் இல்லை. முதலியாரின் கேள்வியும் இல்லை. மரபைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அதன் பழக்கத்தை மட்டுமே நாம் காத்து வருகிறோமோ என எண்ணிப் பார்த்தல் வேண்டும். பிற சமயத்தாரின் நூலை அவர்களிடமே சென்று கேட்டறியும் பணிவு, பயிற்சியில் தேர்ந்த மாணவருக்கே கைகூடிற்று. பயிற்சியும் கேள்வியும் ஒன்றையொன்று வேண்டி நிற்பவை என்பதே இந்நூலிலிருந்து நாம் பெறும் பாடம்.