வகுத்தலும் வினவலும்

அரசின் திறத்தை நான்காகப் பகுத்துக் காட்டியவர் திருவள்ளுவர். பொருள் வரும் வழிகளைத் தோற்றுவித்தல், வந்ததைத் தொகுத்தல், தொகுத்ததைப் பேணுதல், பேணியதை வகுத்தல் என்பன அவை. இறைமாட்சி அதிகாரத்தில் வரும் இக்கருத்தை மேடையில் எடுத்தாளாத அரசியலாரும் அரியர். வகுப்பறையில் விளக்காத தமிழாசிரியரும் அரியர். ஆயினும், நான்காவதாகிய வகுத்தலைப் பற்றிய விளக்கம் பெரும்பாலும் பொழிப்புரையோடு நின்றுவிடுகிறது. வகுத்தவன் சரியாக வகுத்தானா என்று கேட்பவர் யார்? இவ்வினாவுக்கு விடை காணாதவரை அக்குறளின் பொருள் நிறைவு பெறாது.

பரிமேலழகர் வகுத்தல் என்பதை அறம், பொருள், இன்பம் என்னும் மூன்றன்பொருட்டும் செலவிடுதல் என்று விரிக்கிறார். வறியோர்க்கு ஈவது அறத்தின் பாற்படும். படையும் அரணும் பொருளின் பாற்படும். மண்டபமும் சோலையும் இன்பத்தின் பாற்படும். இக்கால அமைச்சகப் பிரிவுகளுக்கு முன்னோடி போன்ற நல்ல உரை இது. ஆனால், எதற்கு என்று சொன்ன உரையாசிரியர் எங்கு என்று சொல்லவில்லை. ஒரே அறச்செலவு ஒரு வட்டாரத்தில் பெருகி, மற்றொரு வட்டாரத்தில் சுருங்கினால் அது நல்ல வகுத்தல் ஆகுமா? உரை இதற்கு இடம் தரவில்லை.

விடையின் ஒரு பாதி நூலின் வேறோர் இடத்தில் உள்ளது. பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரம், இடித்துரைப்பார் இல்லாத மன்னன் பகைவரே இல்லாதிருந்தும் கெடுவான் என்று எச்சரிக்கிறது. இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் வள்ளுவரின் நிதிக்கொள்கை உருப்பெறுகிறது. வகுப்பது அரசின் உரிமை. அதனை இடித்துக் கேட்பது அரசைக் காக்கும் செயல். எனினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. வள்ளுவர் காட்டும் பெரியாரைத் தேர்ந்து துணைக்கொள்பவன் மன்னனே. அவர் சொல் கேளாதொழியவும் அவனால் இயலும்.

உத்தரமேரூர் காட்டும் வழி

இக்குறையைத் தமிழ்நாட்டு வரலாறு ஓரளவு நிரப்புகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்த அம்முறையில் ஒரு கடுமையான விதி உண்டு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுக்கு உரியவர் ஆகார். அவருடைய நெருங்கிய உறவினரும் ஆகார். இன்றைய பொதுக் கணக்குக் குழுக்கள் எண்ணிப் பார்க்கவும் அஞ்சும் விதி இது!

ஆனால், இதனை முழு மக்களாட்சி என்று புகழ்வது மிகை. அவ்வூர் ஒரு பிரமதேயம். தேர்வுக்குரியவர் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடையவராக இருத்தல் வேண்டும். ஏரியைத் தூர்வாரியவனுக்கு ஏரி வாரியத்தில் இடம் இல்லை. கணக்குக் கேட்கும் உரிமை இருந்தது. அது எல்லார்க்கும் உரியதாக இல்லை.

பேராக்கின் கணக்கு

இதே குறையைப் பேராக்கிலும் காணலாம். 1874 ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கை, வரி வசூலும் அதன் கட்டுப்பாடும் ஆங்கில ரெசிடெண்டின் ஆலோசனைப்படி நடைபெற வேண்டும் என்று வகை செய்தது. 1877 இல் சர் ஹியூ லோ காலத்தில் பேராக் மாநில மன்றம் கூடத் தொடங்கியது. மலாய்ப் பெருமக்களும் ஆங்கில அதிகாரிகளும் சீன ஈயச் சுரங்க முதலாளிகள் இருவரும் அதில் அமர்ந்தனர். பிற்காலத்தில் ரப்பர்க் காடுகளை வளர்த்த தமிழ்த் தொழிலாளியின் குரல் ஒலிக்க அம்மன்றத்தில் வழியில்லை.

விடுதலைக்குப் பின் வாக்குரிமை வந்தது. வகுத்தலின் பயன் மட்டும் தோட்டத்து வேலியோரம் நின்றுவிட்டது. தோட்டம் தனியார் சொத்து என்பது காரணமாகக் கூறப்பட்டது. கிராமப்புற மேம்பாட்டுக்கென ஒதுக்கிய சாலையும் நீரும் மின்சாரமும், கிராமத்தினும் பின்தங்கிய லயன் வீடுகளை எட்டாமற்போனதற்கு இப்பாகுபாடே முதற்காரணம். பரிமேலழகர் உரையில் விடுபட்ட 'எங்கு' என்னும் வினாவின் முழு வலியும் இங்கே விளங்குகிறது.

மாநில நிதியின் அமைப்பும் அறியத்தக்கது. மலேசிய அரசியலமைப்பின்படி வருமான வரி, சுங்க வரி முதலிய பெருவருவாய்கள் கூட்டரசுக்கு உரியவை. நிலம், சுரங்கம், காடு போன்றவற்றின் வருவாயே மாநிலத்துக்கு உரியது. 1985 இல் உலக ஈயச் சந்தை சரிந்தபின் கிந்தா பள்ளத்தாக்கின் பழைய வளம் குன்றியது. ஆகவே, ஈப்போ வட்டாரத்தின் பெருஞ்சாலையும் மருத்துவமனையும் பள்ளிக் கட்டடமும் கோலாலம்பூரின் வகுத்தலையே எதிர்நோக்கி நிற்கின்றன.

ஜெலாப்பாங் கற்பித்த பாடம்

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் 2009 ஆம் ஆண்டில் நாடறிந்த பெயர் ஆயிற்று. 2008 பொதுத் தேர்தலில் 59 இடங்கள் கொண்ட பேராக் சட்டமன்றத்தில் மக்கள் கூட்டணி 31 இடங்களையும், தேசிய முன்னணி 28 இடங்களையும் பெற்றன. 2009 பிப்ரவரியில் ஜெலாப்பாங் உறுப்பினரும் துணை அவைத் தலைவருமான ஹீ யிட் ஃபூங், வேறிரு உறுப்பினரோடு தம் அணியை விட்டு விலகினார். ஆட்சி மாறியது. மே 7 ஆம் நாள் அவைத் தலைவர் வி. சிவகுமார் அவையிலிருந்து வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டார்; ஆர். கணேசன் அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். 2010 பிப்ரவரி 9 இல் கூட்டரசு நீதிமன்றம் டத்தோ ஸ்ரீ ஜம்ரியே சட்டப்படியான மந்திரி புசார் என்று தீர்ப்பளித்தது.

இந்நிகழ்ச்சியைக் கட்சித் தாவலின் கதையாகவே பலரும் மதிப்பிடுவர். அது பாதி உண்மை. தாவலைத் தடுக்கும் அரசியலமைப்புத் திருத்தம் கூட்டரசு நிலையில் 2022 அக்டோபர் 5 இல் நடப்புக்கு வந்துவிட்டது. ஆனால், மூன்று பேரின் இடமாற்றம் ஒரு மாநிலத்தின் முழு வகுத்தலையும் கைமாற்றக்கூடும் என்றால், அதற்குக் காரணம் தாவியவர் மட்டும் அல்லர். கருவூலத்தின் திறவுகோல் முழுவதும் பெரும்பான்மையின் கையில் இருப்பதும், எதிர்வரிசையின் வினாவுக்கு மதிப்பு இல்லாதிருப்பதுமே ஆழ்ந்த காரணம். தொகுதி மேம்பாட்டு ஒதுக்கீடு இதற்குச் சான்று. அது சட்டம் தரும் உரிமையாக இல்லாமல் ஆட்சியின் அருளாக இருந்த காலமெல்லாம், எதிரணியைத் தேர்ந்த தொகுதி மக்கள் தம் வாக்குக்குத் தண்டம் இறுத்தனர். அவர்கள் செலுத்திய வரி மட்டும் குறையவில்லை!

சட்டமன்ற மரபில் இன்னொரு நுட்பமும் உண்டு. அரசு சாராத உறுப்பினர் ஒருவர் செலவைக் கூட்டுமாறு திருத்தம் கொண்டுவர இயலாது, குறைக்குமாறு முன்மொழியலாம். தம் தொகுதிக்கு ஒரு பாலம் வேண்டுமென்று அவர் மசோதாவில் எழுத முடியாது. ஏன் இல்லை என்று கேட்கவே முடியும். ஆகவே, வினாவே அவருடைய கருவி. அது கூர்மையாக இருந்தால் பயன் விளையும் என்பதற்கு 2021 ஆம் ஆண்டின் கூட்டரசு வரவு செலவுத் திட்டம் எடுத்துக்காட்டு. ஜாசா என்னும் அரசுப் பரப்புரைத் துறைக்கு ஒதுக்கப்பட்ட 8 கோடியே 55 இலட்சம் வெள்ளி கடுங்கண்டனத்துக்கு உள்ளாகி, 4 கோடியே 5 இலட்சமாகக் குறைக்கப்பட்டது. எதிரணி வாக்கெடுப்பில் தோற்றது. இறுதி வாக்கு 111க்கு 108. ஆயினும், அத்தொகையைப் பொறுத்தவரை வினா வென்றது.

தமிழ்ப்பள்ளிகளும் கணக்கும்

தமிழாசிரியர்க்கு இது தொலைவான செய்தி அன்று. பேராக்கின் 134 தமிழ்ப்பள்ளிகளின் நலனுக்கென ஜம்ரி ஆட்சியில் 2,000 ஏக்கர் நிலம் அளிக்கப்பட்டது. நிலம் மாநிலத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது. ஆதலின் மாநில அரசு தர எளிய கொடை அதுவே. வரவேற்கத்தக்க கொடைதான். ஆனால், பணமாக ஒதுக்கும் மானியம் ஆண்டுதோறும் அவைக்கு வந்து வினாவுக்கு உள்ளாகும். நிலமோ ஒருமுறை கைமாறியபின் அவையின் பார்வையினின்று விலகிவிடக்கூடும். அதன் விளைச்சல் எவ்வளவு, எப்பள்ளிக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதை ஆண்டுதோறும் பொதுவில் வைக்கும் முறை இருந்தாலன்றி, கொடையின் பெருமை அறிவிப்போடு முடிந்துவிடும். கணக்குக் காட்டாதவரை விலக்கிய உத்தரமேரூர் விதி இங்குத்தான் மிகத் தேவைப்படுகிறது.

வரவு செலவுத் திட்டம் வெளியாகும் நாளில் நம் சமூகத்துக்கு எத்தனை கோடி என்று பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. அது வகுத்தலின் தொடக்கத்தை மட்டும் காணும் பார்வை. சென்ற ஆண்டின் தொகையில் எவ்வளவு செலவாயிற்று, எங்குச் செலவாயிற்று, யாரைச் சென்றடைந்தது என்னும் மூன்று வினாக்களும் அதனோடு சேர வேண்டும். இறைமாட்சியைக் கற்பிக்கும் ஆசிரியர், பெரியாரைத் துணைக்கோடலையும் அதே மூச்சில் கற்பித்தால், வகுத்தலும் வினவலும் ஒரே அறத்தின் இரு பக்கங்கள் என்பதை மாணவர் உணர்வர். மன்னன் தேர்ந்த பெரியார் இடித்துரைத்த காலம் போய்விட்டது. இன்று இடித்துரைப்பாரைத் தேர்ந்து அவைக்கு அனுப்புவோர் மக்களே; அவர்கள் வினவக் கற்றாலன்றி, அனுப்பப்பட்டவரும் வினவார்.