மூன்று சுழி தெரியும் திரை

வீட்டு மேசைக்குப் பெரிய மானிட்டர் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை இன்ச் என்றுதான். நான் முதலில் பார்ப்பது ணகரத்தை. கடைத்திரையில் ஓடிக்கொண்டிருக்கும் அருவியையும் பஞ்சவர்ணக்கிளியையும் நிறுத்தச் சொல்லிவிட்டு, வெள்ளைப் பின்னணியில் ஒரு பக்கம் தமிழைத் திறந்து, 'கண்ணன்' போன்ற ஒரு சொல்லைத் தேடுவேன். மூன்று சுழியும் இரண்டு சுழியும் அடுத்தடுத்து நிற்கும் சொல். தலையில் இரண்டு புள்ளிகளும் உண்டு. சுழிகளுக்குள் வெள்ளை தெரிகிறதா, புள்ளி எழுத்தில் ஒட்டாமல் தனித்து நிற்கிறதா என்று பார்த்தாலே அந்தத் திரையின் தரம் பாதி தெரிந்துவிடும்.

ஆங்கிலத்துக்குப் போதுமான திரை தமிழுக்குப் போதாது. விண்டோஸின் வழக்கமான 96 டிபிஐ கணக்கில் 11 பாயின்ட் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 15 பிக்சல் உயரம். 'கீ'யின் மேல்சுழி, 'ழு'வின் கீழ்வளைவு, மெய்யின் புள்ளி எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது ஏழெட்டு பிக்சல்தான். அந்த ஏழெட்டில் ஞகரத்தையோ ணகரத்தையோ வரைந்தால் சுழி அடைபட்டுக் கறுத்துவிடும். எழுத்துரு செய்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை; கோடு போக இடம் வேண்டுமே! சாயங்காலம் வரை தமிழ் வாசித்துவிட்டுக் கண் வலிக்கிறது என்பவர்களில் பலருக்கு, கண்ணாடியை மாற்றுவதற்கு முன் திரையை மாற்றிப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது. பல வீடுகளில் இருக்கும் 24 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஒரு இன்ச்சுக்கு 92 பிக்சல். 32 இன்ச் 4கே திரையில் 138. கிட்டத்தட்ட மிகச் சரியாக ஒன்றரை மடங்கு. ஆகவே 32 இன்ச் 4கே திரையை வாங்கி, விண்டோஸில் அளவை 150 சதவீதம் என்று வைத்தால், எழுத்து பழைய 24 இன்ச் திரையில் இருந்த அதே உயரத்தில்தான் நிற்கும். ஆனால் 15 பிக்சலில் வரைந்த எழுத்து இப்போது 22 பிக்சலில் வரையப்படுகிறது; பரப்பில் இரண்டே கால் மடங்கு. கண்ணுக்குப் பழகிய அளவு மாறவில்லை, சுழி மட்டும் திறந்துகொண்டது. நோட்டோ செரிஃப் தமிழ் போல, தடித்தும் மெலிந்தும் போகும் எழுத்துருவைப் பழைய திரையில் போட்டால் மெல்லிய கோடுகள் வெளிறிச் சாம்பலாகிவிடும். புதிய திரையில் அதே எழுத்துரு அச்சுப் புத்தகத்தின் அழகோடு வருகிறது. றகரத்தின் கால் வளைந்து இறங்குவதைத் திரையில் அப்படிப் பார்ப்பது ஒரு சுகம்.

கடையில் இதே 32 இன்ச், 2560-க்கு 1440 பிக்சலோடும் கிடைக்கும், விலையும் குறைவு. அதன் நெருக்கம் மறுபடியும் 92தான். இடம் கூடும், எழுத்து தேறாது. 32 இன்ச் ஃபுல் எச்டி இன்னும் மோசம், ஒரு இன்ச்சுக்கு 69. வாசிப்பவர்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் நுணுக்கம், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்று பொதுவாகக் கொள்வார்கள். 70 செ.மீ. தூரத்தில் அது 0.2 மி.மீ. ஆகிறது. 24 இன்ச் ஃபுல் எச்டியின் ஒரு பிக்சல் 0.28 மி.மீ.; 27 இன்ச் 1440 திரையில் 0.23, 32 இன்ச் 4கேயில் 0.18, 27 இன்ச் 4கேயில் 0.155. அந்த 0.2 என்ற எல்லையைத் தாண்டிக் கீழே இறங்கியதும் வளைவுகளின் படிக்கட்டு மறைந்து கோடு வழுவழுப்பாகிறது. இதை 2001லேயே ஐபிஎம் செய்து காட்டியது. டி220 என்ற அந்தத் திரை 22.2 இன்ச், 3840-க்கு 2400 பிக்சல், ஒரு இன்ச்சுக்கு 204. அதற்குப் படம் அனுப்பவே ஒரே நேரத்தில் பல இணைப்புகள் வேண்டியிருந்தன. விலை வீட்டுக்காரர்கள் நினைத்தும் பார்க்க முடியாதது. இன்று அதற்குக் கொஞ்சமே குறைந்த பிக்சல்கள், ஒற்றைக் கேபிளில் நம் மேசைக்கு வருகின்றன.

பெரிய திரையின் இன்பம் அகலத்தில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. ஒரு ஏ4 தாளின் உயரம் 29.7 செ.மீ. 24 இன்ச் திரையின் உயரமே 29.9. மேலே மெனுவும் கீழே டாஸ்க்பாரும் போனால் தாள் முழு அளவில் நிற்க வழியில்லை. 27 இன்ச்சில் 33.6; நெருக்கிப் பிடித்தால் நிற்கும். 32 இன்ச்சில் ஏறத்தாழ 40 செ.மீ. உயரம், 71 செ.மீ. அகலம். இரண்டு பக்கங்களை அச்சில் இருக்கும் அதே அளவில் அருகருகே விரித்து, ஓரத்தில் அகராதியையும் திறந்து வைக்கலாம். மெய்ப்புப் பார்ப்பவர்களுக்கும் மொழிபெயர்ப்பவர்களுக்கும் இதைவிட என்ன வேண்டும்! இதனால்தான் 34 இன்ச் அல்ட்ரா வைடு எனக்கு ஒப்பவில்லை. அதன் உயரம் 27 இன்ச்சின் உயரம்தான். கணக்குத் தாள்களை நீட்டி வைத்து வேலை செய்பவர்களுக்கு அது உதவலாம், வாசிப்பவர்களுக்கு அல்ல.

அந்த 71 செ.மீ. அகலம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது. நடுவில் உட்கார்ந்து 70 செ.மீ. தூரத்திலிருந்து பார்த்தால், திரையின் ஓரத்தைக் கண் 27 பாகை சாய்வில் பார்க்கிறது. ஆள் ஒருவர்தானே, பக்கத்திலிருந்து பார்ப்பது எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். விஏ என்ற பேனல் வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும், மாறுபாடு சுமார் 3000-க்கு 1. இரவில் படம் பார்க்க அருமை. ஆனால் சாய்வில் அதன் நிறம் வெளுக்கிறது, பக்கத்தின் நடுவும் ஓரமும் ஒரே வெள்ளையாக இருப்பதில்லை. 1996இல் ஹிட்டாச்சி சந்தைக்குக் கொண்டுவந்த ஐபிஎஸ்ஸின் கறுப்பு சற்றுச் சாம்பல்தான், சுமார் 1000-க்கு 1. என்றாலும் மூலைக்கு மூலை எழுத்து ஒரே மாதிரி நிற்கிறது. 2022 முதல் வரும் ஐபிஎஸ் பிளாக் பேனல்கள் 2000-க்கு 1 அல்லது அதற்கு மேலும் தருகின்றன. வீட்டு பட்ஜெட் இடம் கொடுத்தால் அதைத்தான் எடுப்பேன்.

ஓஎல்இடியின் கறுப்பைப் பார்த்து மயங்காதவர் இல்லை, நானும்தான். ஆனால் எழுத்துக்கு அது இன்னும் முழுதாகத் தயாராகவில்லை. சிவப்பு, பச்சை, நீலக் கீற்றுகள் வரிசையாக நிற்கும் என்ற நம்பிக்கையில்தான் விண்டோஸின் கிளியர்டைப் எழுத்தின் ஓரங்களை மெருகேற்றுகிறது. ஓஎல்இடியின் ஒரு வகையான கியூடி ஓஎல்இடி பேனல்கள் பலவற்றில் அவை முக்கோணமாக நிற்கின்றன. அதனால் கிடைக்கோடுகளின் மேலும் கீழும் பச்சையும் இளஞ்சிவப்பும் கசிகின்றன. ட, ப, ம என்று அடிக்கோடு போட்டு நிற்கும் எழுத்துகள் நம்மிடம் எத்தனை! 1440 திரைகளில் இது பளிச்சென்று தெரியும், 4கேயில் குறையும். நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பார் தடமாகப் பதிந்துவிடும் அபாயம் வேறு.

மேசையின் ஆழத்தை அளக்காமல் 32 இன்ச் வாங்கக் கூடாது. 60 செ.மீ. மேசையில் ஸ்டாண்டே கால்வாசி இடத்தை எடுத்துக்கொண்டால் முகத்துக்கு நேரே சுவர் நிற்பது போல இருக்கும். திரையின் பின்னால் 100 மி.மீ. இடைவெளியில் நான்கு திருகுத் துளைகள் இருந்தால், கை போன்ற தாங்கியில் மாட்டிச் சுவரோடு தள்ளிவிடலாம். அதற்கும் வழியில்லாதவர்களுக்கு 27 இன்ச் 4கே. மேல்விளிம்பு கண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். பைஃபோக்கல் கண்ணாடி போடுபவர்கள் இன்னும் இறக்கிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து அண்ணாந்தே இருக்கும்.

கணினியின் பின்புறத்தையும் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ 1.4 என்றால் 4கே வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கும், மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளே போர்ட் 1.2 இருந்தால் 60 ஹெர்ட்ஸ் வரும்; வாசிக்க அது போதும்.

ஆக, ஆழமான மேசைக்கு 32 இன்ச் 4கே, தட்டையான ஐபிஎஸ், பளபளக்காத மேற்பரப்பு. குறுகிய மேசைக்கு அதே குணங்களோடு 27. கடைக்குப் போகும்போது உங்களுக்குப் பிடித்த நாலு பக்கத் தமிழை ஒரு பென்டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும், கண்ணைக் கூசவைக்கும் கடை வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறையுங்கள். வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என ஐந்து வெற்றுத் திரைகளை இருட்டறையில் போட்டு, செத்த பிக்சலும் ஓரத்தில் ஒளிக்கசிவும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். மாற்றித் தரும் கெடு முடிவதற்குள் இதைச் செய்ய வேண்டும். அட்டைப்பெட்டியை அதுவரை எடைக்குப் போடாதீர்கள்.