சீஷராக்குதலும் பொறுப்பை ஒப்படைக்காத கைகளும்

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டிசத்திரத்தை ஒட்டியுள்ள திருப்புட்குழியில்தான் ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் வேதாந்தம் படித்தார் என்பது வைணவ குருபரம்பரை சொல்லும் செய்தி. உபநிடத வாக்கியம் ஒன்றுக்கு ஆசிரியர் சொன்ன பொருளை மாணவர் ஏற்கவில்லை. கசப்பு முற்றி, காசி யாத்திரையில் மாணவரைத் தீர்த்துக்கட்டவே ஏற்பாடு நடந்ததாம். பிற்பாடு அதே யாதவப்பிரகாசர் அதே மாணவரிடம் வந்து சீடரானார். கோவிந்த ஜீயர் என்று பெயர் பெற்றார். துறவியருக்குரிய ஒழுக்கங்களைத் தொகுத்து ‘யதிதர்ம சமுச்சயம்’ எழுதினார். மாணவர் தன்னைத் தாண்டிப் போனதை ஏற்றுக்கொண்ட ஆசிரியர் என்பதால்தான் அந்தப் பெயர் நிலைத்திருக்கிறது.

கிறிஸ்தவ சபைகளில் இன்று பெரிதாகப் பேசப்படும் ‘சீஷத்துவப் பயிற்சி’யை எடைபோட இந்தக் கதை எனக்கு உதவுகிறது. ஒரு விசுவாசி இன்னொருவரைக் கூட வைத்துக்கொண்டு வேதம் வாசிக்கவும் ஜெபிக்கவும் பழக்குகிறார். வீட்டுக் கஷ்டநஷ்டங்களிலும் துணை நிற்கிறார். பிறகு அவரும் வேறொருவருக்கு அப்படியே செய்யும் அளவுக்கு வளர்த்துவிடுகிறார். தன்னிடம் கேட்டதை, பிறருக்குப் போதிக்கக்கூடிய நம்பகமான ஆட்களிடம் ஒப்புவிக்கும்படி பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியபோது நான்கு தலைமுறையை மனதில் வைத்தே எழுதினார். ஆகவே ஒருவர் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார் என்று பார்த்தால் போதாது. கற்றவர் கற்பிக்க விடப்பட்டாரா என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இதற்கு முந்நூறு ஆண்டு அனுபவம் இருக்கிறது. அதைத் தாங்கியவர்கள் குருப்பட்டம் இல்லாமலே சபைகளில் கற்பித்த உபதேசியார்கள். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியது 1706-இல். ஆரோன் என்ற தமிழர் குருப்பட்டம் பெற்றது 1733-இல். அந்தக் காலத்துக்கு இது பெரிய துணிச்சல்தான். ஆனால் அதே மிஷனில், தஞ்சைச் சீமையில் பலரைச் சபைக்குக் கொண்டுவந்த ராஜநாயக்கன் கடைசிவரை உபதேசியாராகவே இருக்க வேண்டியதாயிற்று. அவர் பறையர்; அவர் கையால் மற்ற சாதியார் நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். கற்பிக்கத் தகுதி உண்டு, அப்பம் பிட்கத் தகுதி இல்லை! சீஷராக்குதலின் முதல் பெரிய தோல்வி என்று நான் குறிப்பது இதைத்தான்.

திருநெல்வேலியில் இந்த முறையின் பலம் தெரிகிறது. பாளையங்கோட்டையில் குளோரிந்தா என்ற பிராமண விதவை 1778-இல் ஞானஸ்நானம் பெற்றார். 1780-ஆம் ஆண்டு சபைப் பதிவேட்டில் இருந்தவை 40 பெயர்கள். தஞ்சையில் இருந்த மிஷனரி சுவார்ட்சு தன்னிடம் வளர்ந்த சத்தியநாதனை அங்கே அனுப்பினார். 1790-இல் சத்தியநாதன் குருவானார். அதன்பின் நடந்ததுதான் சுவாரஸ்யம். சுந்தரானந்தம் தாவீது என்ற இளைஞர் தன் சொந்தபந்தங்களிடம் போய்ப் பேசினார். 1799-இல் முதலூர் உருவாயிற்று. அடுத்த சில ஆண்டுகளில் கிராமம் கிராமமாக ஆட்கள் வந்தார்கள். வெள்ளைக்காரர் யாரும் அங்கே வீடு கட்டிக் குடியிருந்து செய்த வேலையல்ல அது. மாமனும் மச்சானும் பேசிப் பரவியது. பேச்சு வழக்கும் பந்தி வழக்கும் தெரிந்தவர் சொன்னதால் எடுபட்டது. அச்சிட்ட எந்தப் பாடத்திட்டமும் இதற்கு ஈடாகாது.

ஆனால் உறவுவழி என்பது நம் ஊரில் சாதிவழி. ஒரு சாதிக்குள் வேகமாக ஓடிய செய்தி பக்கத்துத் தெருவுக்குப் போகத் திணறியது. திருமண்டலத் தேர்தல் வந்தால் இன்றும் தலையெடுக்கும் கணக்குகளுக்கு வேர் அங்கேயும் இருக்கிறது. சொந்தக்காரரைச் சீஷராக்குவது எளிது. அந்நியரைச் சீஷராக்கும்போதுதான் இந்த முறைக்குப் பரீட்சை.

1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் உபதேசியார்களைத் திட்டமிட்டுப் பயிற்றுவித்தவர். இரவு ஜெபம், பள்ளிக்கூடம், ஊர்த் தகராறு, நோயாளி விசாரிப்பு என்று எல்லாமே உபதேசியார் தலையில். ஆனாலும் ஞானஸ்நானத்துக்கும் நற்கருணைக்கும் குருப்பட்டம் பெற்ற ஐயர் வரக் காத்திருக்க வேண்டும். தேர்ந்த உபதேசியார்களுக்குக் குருப்பட்டம் தர ரேனியஸ் விரும்பினார். பிஷப்பு வழியாக, ஆங்கிலிக்கன் முறைப்படிதான் தரவேண்டும் என்றது அவரை அனுப்பிய சிஎம்எஸ் மிஷனரி சங்கம். இதுவும் சேர்ந்த தகராறில் 1835-இல் சங்கம் அவரை விலக்கியது. 1838-இல் அவர் இறந்தார்.

இதோடு சம்பளமும் சேர்ந்தது. மிஷன் பணம் கொடுத்ததால் ஏழை உபதேசியார் வயிறு நிறைந்தது, முழுநேரமும் உழைக்க முடிந்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அவர் கண் சபையை விட்டு மிஷன் பங்களாவைப் பார்க்கத் தொடங்கியது. மாத அறிக்கையில் எண்ணிக்கை கேட்டார்கள், எண்ணிக்கை எழுதினார். சாதாரண விசுவாசியோ, சாட்சி சொல்வது சம்பளக்காரர் வேலை என்று ஒதுங்கிக்கொண்டார். இந்த இரண்டாவது கேடு முதலாவதைவிட ஆழமானது, இன்னும் தீரவில்லை.

கருத்து மாறுபட்ட சீடரை வைத்துக்கொள்ளத் தெரியாததும் ஒரு குறை. நாசரேத் பகுதி மிஷனில் பணிசெய்த அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை அதற்குச் சான்று. நாடார்களைப் பற்றி மிஷனரி கால்டுவெல் 1849-இல் ஆங்கிலத்தில் எழுதிய நூல் சட்டாம்பிள்ளையின் சமூகத்தைக் கொதிக்கவைத்தது. மிஷனோடு வேறு பிணக்குகளும் இருந்தன. 1857-இல் பிரிந்து போய் இந்து கிறிஸ்தவ சபையைத் தொடங்கினார்; ஓய்வுநாளைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். அவருடைய இறையியலில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வேதத்தைத் தானே படித்து முடிவெடுக்கும் ஆளை உருவாக்கிவிட்டு, அவர் முடிவெடுத்ததும் அதிர்ந்துபோன ஆசிரியர்கள்மீது அதைவிடக் குறை அதிகம்.

இந்தக் குறைகளைப் பெருமளவு கண்டுகொண்டவர் வெள்ளாளன்விளை வே. ச. அசரியா. 1903-இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் ஆட்களையும் தங்கள் காசையும் கொண்டு இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியதில் அவர் பங்கு பெரிது. 1910 எடின்பரோ மாநாட்டில், மிஷனரிகளிடம் தியாகம் உண்டு, சிநேகம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னார். 1912-இல் தோர்ணக்கல் பிஷப்பானபின் கிராம ஊழியர்களை மனைவியோடு சேர்த்தே பயிற்றுவித்தார்; புதிதாக ஞானஸ்நானம் பெறுகிறவரும் சாட்சி சொல்லக் கடமைப்பட்டவர் என்று வாக்கு வாங்கினார். அவரைப்போல் இன்னொருவர்? 1945-இல் அவர் இறக்கும்வரை இந்திய ஆங்கிலிக்கன் திருச்சபையில் மறைமாவட்டம் ஒன்றை ஆண்ட இந்தியர் அவர் ஒருவரே. ஒருவரை உயர்த்திக் காட்டிவிட்டு 33 ஆண்டு ஓய்ந்திருந்தது அமைப்பு.

பெண்களுக்கு இன்னும் நீண்ட காத்திருப்பு. ஆண் உபதேசியார் நுழைய முடியாத வீடுகளுக்குள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ‘பைபிள் உமன்’கள் போய் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். தென்னிந்தியத் திருச்சபை பெண்ணுக்குக் குருப்பட்டம் தந்தது 1976-இல். முதல் பெண் பிஷப் வந்தது 2013-இல்.

இன்றைய வீட்டுக் கூட்டங்களிலும் வாலிபர் குழுக்களிலும் சம்பளச் சிக்கல் குறைவு. வேறு ஆபத்து வந்திருக்கிறது. ‘ஆவிக்குரிய தகப்பன்’ என்று தொடங்கும் உறவு, எந்த வேலைக்குப் போவது, யாரைக் கட்டிக்கொள்வது என்பதுவரை கைநீட்டுகிறது. அமெரிக்காவில் 1970-களில் மேய்ப்பு இயக்கம் என்ற பெயரில் இதே வழி பரவி, பல குடும்பங்களைக் காயப்படுத்தி, தலைவர்களில் ஒருவரான பாப் மம்ஃபோர்டு பின்னாளில் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கும்படி ஆனது. நம் ஊரில் குருபக்தி ஏற்கெனவே கனமானது. அதன்மேல் இதையும் ஏற்றினால் மூச்சுவிட இடமிருக்காது.

இத்தனைக்குப் பிறகும் இந்த முறையைக் கைவிடச் சொல்ல மாட்டேன். கன்வென்ஷன் மேடையால் முடியாததை, ஒரு வீட்டுத் திண்ணையில் இரண்டு பேர் வாரம் தவறாமல் உட்காருவது செய்துவிடும். போதகர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். அடுத்த பயிற்சி வகுப்பைத் தொடங்கும்போது, அது முடியும் தேதியோடு, பிரசங்க பீடத்தையும் கணக்குப் புத்தகத்தையும் யாரிடம் எப்போது ஒப்படைப்பீர்கள் என்பதையும் சபைக்கு முன்னால் அறிவித்துவிடுங்கள்.