தேம்பாவணியில் மணமும் துறவும்: ‘ஈரறம் பொருத்து படலம்’ – ஒரு மறுவாசிப்பு

வீரமாமுனிவர் எனத் தமிழுலகம் போற்றும் கான்ஸ்தாந்தியுஸ் யோசேப் பெஸ்கி (1680–1747) இயற்றிய தேம்பாவணி 1726ஆம் ஆண்டில் நிறைவுற்றது. 3 காண்டங்கள், 36 படலங்கள், 3615 பாடல்கள் என விரியும் இக்காப்பியத்தின் தலைவர் இயேசு பெருமான் அல்லர். அவரை வளர்த்த தந்தையாகிய புனித சூசை. அவரை முனிவர் ‘வளன்’ எனத் தமிழ்ப்படுத்தினார். காப்பியத்தின் ஐந்தாம் படலம் திருமணப் படலம். ஆறாவது ஈரறம் பொருத்து படலம். மணம் முடித்த வளனும் மரியும் தாம் தனித்தனியே முன்னரே மேற்கொண்டிருந்த கன்னிமை விரதத்தை ஒருவர்க்கொருவர் வெளிப்படுத்தி, ஒரே மனையில் இல்லறத்தையும் துறவறத்தையும் ஒருங்கே நடத்துவதை அப்படலம் கூறும்.

அப்படலத்தை ஆய்ந்தோர் பலரும் அதனைத் தமிழ் அறமரபுக்கும் கிறித்தவத்துக்கும் இடையே அமைந்த இசைவு என்றே பாராட்டியுள்ளனர். குறளின் அறத்துப்பால் இல்லறவியல், துறவறவியல் எனப் பகுக்கப்பட்டிருத்தலின் அவ்விரண்டையும் முனிவர் ஒரு மனையில் இணைத்தார் என்பது அவர்தம் கருத்து. படலத்தின் பெயரே இக்கருத்துக்கு இடந்தருகிறது என்பது உண்மை. எனினும், பொருத்துதல் வேறு, ஒன்றனை மற்றொன்றன் காவலாக நிறுத்துதல் வேறு. ஆறாம் படலத்தில் நிகழ்வது பின்னையதே என்பதும், மணம் மணமாகவே உயிர்பெறுவது அதனை அடுத்துவரும் ஐயந்தோற்று படலத்தில்தான் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கொள்கைப் பின்புலம்

மணம், மணமின்மை ஆகியன குறித்துக் கிறித்தவம் ஒரே குரலில் பேசியதில்லை. கொரிந்தியர்க்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஏழாம் அதிகாரத்தில் பவுல் மணமாகாதவர் அந்நிலையிலேயே இருத்தல் நன்று என்கிறார். ஆயினும் அதனைக் கட்டளையாக்காது, ஒவ்வொருவர்க்கும் ஒவ்வொரு கொடை என்று விடுகிறார். எபேசியர் திருமுகமோ கணவன் மனைவி உறவைக் கிறித்துவுக்கும் திருச்சபைக்கும் இடையிலான உறவின் உவமையாக உயர்த்துகிறது. இவ்விரு திருமுகங்களுக்கும் இடைப்பட்ட இழுபறியே பின்வந்த பதினைந்து நூற்றாண்டுகளின் விவாதம் எனலாம்.

சூசை மரி மணம் இவ்விவாதத்தின் நடுவே நின்ற வழக்காகும். கூட்டமில்லாத மணம் மணமாகுமா என்பது வினா. ஆம் என்றார் அகுஸ்தீன். மக்கட்பேறு, நம்பகம், பிரிக்கவொண்ணாப் பிணைப்பு என மணத்துக்குத் தாம் வகுத்த மூன்று நன்மைகளும் அவ்விருவரிடத்தும் நிறைந்திருந்தன என்பது அவர் முடிபு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிராசியன் இசைவால் தொடங்கிக் கூட்டத்தால் நிறைவெய்துவதே மணம் என, பீட்டர் லொம்பார்டு இசைவு ஒன்றே மணத்தை ஆக்கும் என மறுத்தார். கூட்டத்தை வலியுறுத்தின் இறைத்தாயின் மணம் குறைபட்டதாகிவிடும் என்னும் அச்சமே இசைவுக் கொள்கைக்கு வலுவூட்டியது. ஐரோப்பியத் திருமணச் சட்டத்தின் அடிப்படையொன்று நாசரேத்தூர்த் தச்சர் ஒருவரின் இல்வாழ்வைக் காக்கும் முயற்சியிலிருந்தும் உரம்பெற்றது என்பது வியத்தற்குரியது.

மார்ட்டின் லூத்தர் 1525இல் மணம் புரிந்து துறவுறுதியின் உயர்வையே மறுத்தபின், 1563இல் திரெந்து சங்கம் அதற்கு விடையிறுத்தது. கன்னிமையினும் மணநிலையே மேல் என்போரை அது சபையினின்றும் விலக்கியது. இயேசு சபைத் துறவியாகிய பெஸ்கி பயின்ற இறையியல் அச்சங்கத்தின் வழிப்பட்டது. ஆகவே அவர்க்கு ஈரறம் என்பது இரண்டு சமநிலை அறங்கள் ஆதல் இயலாது. ஒன்று மேல், மற்றொன்று ஏற்கத்தக்கது. குறளிலோ நிலைமை அவ்வளவு தெளிவானதன்று. அறத்தாற்றின் வழி இல்வாழ்வு நடத்துவானுக்கு அதனின் வேறான நெறி எதற்கு எனக் கேட்கும் குரலும் அங்கு உண்டு. ஈரறம் என்னும் தொடரைத் தமிழிலிருந்து பெற்ற முனிவர் அதன் தரவரிசையைத் திரெந்திலிருந்து பெற்றார். இலத்தீனில் குறளைப் பெயர்த்தபோது அறத்துப்பாலையும் பொருட்பாலையும் கொண்டு காமத்துப்பாலை அவர் விடுத்ததும் இங்கு நினையத்தக்கது.

மூலமும் மாற்றமும்

தேம்பாவணியின் கதைக்கு மூலமாய் அமைந்தது ஸ்பானியக் கன்னித்துறவி ஆகிரேதா மரியாளின் ‘கடவுளின் மறைநகர்’ என்னும் நூல். அவர் மறைவுக்குப்பின் 1670இல் வெளிவந்தது. பழைய யாக்கோபின் முதல்நற்செய்தி என்னும் புறநூல் சூசையை முதியவராகவும் மனைவியை இழந்து மக்களை உடையவராகவும் காட்டும். முதுமை அங்கே கன்னிமைக்குக் காவல். நான்காம் நூற்றாண்டில் எல்விதியுசை மறுத்தெழுதிய எரோணிமுஸ் சூசையும் கன்னிமை உடையவரே என்றார். ஆகிரேதா மரியாள் அவரை முப்பத்துமூன்று வயதினராக்கினார். முனிவர் இவ்வழியே செல்கிறார். முதுமையின் இயலாமை நீங்கி, இளமையின் விருப்பத்தேர்வு வருகிறது. ஆண்மை என்பதன் பொருளும் இங்கே மாறுகிறது: மகவைப் பெறாது தந்தையாதல், மனைவியைத் தீண்டாது கணவனாதல், உளியும் வாய்ச்சியும் கொண்டு உழைத்து மனையைப் புரத்தல். போர்வெற்றியும் மணவெற்றியும் தலைவற்குரிய இலக்கணமாகக் கொண்ட தமிழ்க் காப்பிய மரபில் இத்தகைய தலைவன் புதியவன்.

இப்புதுமையை அளந்தறியச் சீவக சிந்தாமணியை அருகில் வைத்தல் வேண்டும். மணநூல் எனவும் பெயர்பெற்ற அக்காப்பியத்தில் சீவகன் எண்மரை மணந்து, அரசாண்டு, இறுதியில் துறவு பூணுகிறான். அங்கே ஈரறமும் முன்பின்னாக நிற்பன. காலம் அவற்றைப் பிரித்து வைக்கிறது. தேம்பாவணியில் அவை ஒரே காலத்தில் ஒரே கூரையின்கீழ் நிற்கின்றன. எண்மரை மணந்து துறந்தவன் துறந்ததன் அருமையைப் படிப்போர் உணர்வர்; வளன் துறந்தது யாது என்பதை ஆறாம் படலம் உணர்த்துவதில்லை. இருவரும் ஒரே விரதத்தினர் எனத் தெரிந்தவுடன் மகிழ்ச்சியே மிகுகிறது. இழப்பின் நிழல்கூட இல்லை. வகுப்பறையில் இப்பகுதியைப் பயிலும் மாணவர் தவறாமல் கேட்கும் வினா ஒன்றுண்டு: ‘பின் எதற்கு ஐயா மணம்?’ உரையாசிரியர்களைவிட அவர்கள் சரியான இடத்தில் கை வைக்கின்றனர் என்றே தோன்றுகிறது.

தீண்டாது கூடிவாழ்ந்த கணவனும் மனைவியும் தமிழுக்குப் புதியவர் அல்லர். பெரியபுராணத்துத் திருநீலகண்ட நாயனார் பரத்தையிடம் சென்று மீண்டபோது, மனைவி இறைவன் திருப்பெயரால் ஆணையிட்டுத் தம்மைத் தீண்டலாகாது எனத் தடுத்தார். அவர் பன்மையிற் கூறியமையால் நாயனார் எப்பெண்ணையும் தீண்டாராயினார். அயலறியாது இருவரும் ஒரு மனையிலேயே முதுமை எய்தினர். இறுதியில் மூங்கிற்கோலின் இருதலையைப் பற்றி அவர்கள் குளத்தில் மூழ்கும் காட்சியையும், மணத்தின்போது வளன் கையிற் பூத்த கோலையும் ஒருசேர எண்ணாதிருத்தல் அரிது. ஒப்புமை இவ்வளவே. சேக்கிழார் காட்டும் விரதம் புண்பட்ட மனைவியின் சினத்திற் பிறந்தது. ஊடல் உறைந்து ஆணையானது. ஒவ்வொரு நாளும் அது இருவர்க்கும் விலையுடையதாய் இருந்திருக்க வேண்டும் என்பதை அம்மறைப்பே உணர்த்துகிறது. ஈரறம் பொருத்து படலத்திலோ விலை இல்லை.

மறைப்பணிக் களம்

பொருத்த வேண்டிய தேவை நூலுக்குள் மட்டும் எழுந்ததன்று. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி துறவிக்கோலம் பூண்ட நாள்தொட்டு, மதுரை மறைப்பணியில் போதிப்போர் துறவியராகவும் கேட்போர் இல்லறத்தாராகவும் இருந்தனர். துறவே மேல் எனின் கேட்போரின் மனைவாழ்வுக்கு மதிப்பென்ன? தேம்பாவணி அவர்களிடம் மனைக்குள்ளேயே துறவின் மேன்மை நுழையலாம் என்கிறது. மறுபுறம், தரங்கம்பாடியில் 1706 முதல் பணியாற்றிய லூத்தரன் போதகர் சீகன்பால்கு 1716இல் மணம் புரிந்தார். மனைவியுடைய போதகர் என்னும் காட்சி தமிழகத்துக்குப் புதியது. லூத்தரன் சபையாரை உரைநடை நூல்களில் கடுமையாக மறுத்தெழுதிய முனிவர் காப்பியத்தில் அவர்களை மறந்திருப்பார் எனக் கொள்வதற்கில்லை. சூசையும் மரியும் வாழ்ந்த வாழ்வே அவர்க்குக் கன்னிமை விரதத்தின் மறுக்கவியலாச் சான்று.

மணம் குறித்த போதனை அம்மண்ணில் குருதியும் சிந்தியிருந்தது. மறவர் நாட்டுத் தடியத்தேவர் திருமுழுக்குப் பெறுமுன் மனைவியருள் ஒருவரை மட்டும் நிறுத்திப் பிறரை விலக்கினார். விலக்கப்பட்டோருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவர் அரசனிடம் முறையிட, அருளானந்தர் எனப்படும் ஜான் தெ பிரிட்டோ 1693 பிப்ரவரி 4ஆம் நாள் ஓரியூரில் தலை வெட்டுண்டார். ஒருத்தியோடு ஒருவன் என்னும் அறத்துக்காக அவர் உயிரீந்தார் என்பது சபை வரலாறு. உண்மையே. ஆயினும் தம் குற்றம் ஏதுமின்றி மனை இழந்த பெண்கள் என்ன ஆயினர் என அவ்வரலாறு வினவுவதில்லை. முறையிட்டவரைப் பழிகாரியாக மட்டுமே நம் நூல்கள் எழுதிச் செல்வது நேர்மையன்று.

ஐயத்தில் பிறக்கும் கணவன்

ஏழாம் படலத்துக்கு வருகையில் காப்பியத்தின் குரல் மாறுகிறது. மரி கருவுற்றிருத்தலை வளன் காண்கிறான், காரணம் அறியான். மத்தேயு நற்செய்தி எட்டே வசனங்களில் முடிக்கும் இந்நிகழ்ச்சிக்கு முனிவர் ஐயந்தோற்று படலம், ஐயம்நீங்கு படலம் என இரு படலங்களை ஒதுக்குகிறார். கண்ணாற் கண்டதை மறுக்க முடியவில்லை. அவள் தூய்மையையும் மறுக்க முடியவில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே உழன்று பிரிவதற்கும் எண்ணுகிறான்.

துறவி ஒருவனுக்கு இத்துயர் வாராது. உடன் வாழும் மற்றொரு விரதியின் பிழை அவனை வருத்தலாம். இவ்வாறு உள்ளத்தை அறுக்காது. தன்னவள் என்னும் உரிமை உடையவனுக்கே இந்த ஐயம் உண்டு. ஆறாம் படலம் மணத்தை விரதத்தின் உறையாக்கியது. ஏழாம் படலத்தில் உறைக்குள் இருந்தது கணவனின் நெஞ்சம் என்பது தெரிகிறது. அகுஸ்தீன் கூறிய நம்பகம் இங்குச் சோதிக்கப்படுகிறது. அவளைப் பழித்துரையாமல், ஊரறியச் செய்யாமல், தானே துன்பத்தைச் சுமக்கும் வளனின் ஆண்மை, சட்டம் தனக்களித்த உரிமையைப் பயன்படுத்த மறுக்கும் ஆண்மை. மனைவியைத் தீயிறங்கச் செய்த காப்பியத் தலைவனைத் தமிழர் அறிவர். கம்பனை ஊன்றிக் கற்ற முனிவர் அதனை அறியாமலா இருந்திருப்பார்? வானவன் வந்து ஐயம் நீக்கும்வரை வளன் மரியிடம் எச்சான்றும் கேட்பதில்லை என்பது காப்பியத்தின் ஆக உயர்ந்த இடம் என்பேன். ஈரறமும் பொருந்தும் இடம் உண்டெனில் இதுவே.

பெண்ணும் தனிநிலையும்

மரியைப் பொறுத்தவரை ஒரு செய்தி தெளிவு. கன்னிமை விரதம் அவள்மீது ஏற்றப்பட்டதன்று, அவளே தேர்ந்தது. ஆணை அறியேனே என வானவனிடம் அவள் கேட்டதாக லூக்கா எழுதியதை அகுஸ்தீன் முன்செய்த விரதத்தின் அடையாளமாகக் கொண்டார், முனிவரும் அவ்வாறே. மணம் பேசப்படுமுன்பே தன் உடலைக் குறித்து முடிவு செய்துகொண்ட தலைவி தமிழ்க் காப்பியங்களில் அருகியே காணப்படுவாள். கேரளத்தில் அதே காலத்தில் அர்ணோஸ் பாதிரியார் மலையாளத்தில் பாடிய புத்தன்பானையின் பன்னிரண்டாம் பாதம் மகனை இழந்த தாயின் புலம்பல். பெரிய வெள்ளியன்றும் சாவு வீடுகளிலும் இன்றும் அது ஓதப்படுகிறது. அங்கே மரி தாய் மட்டுமே. தேம்பாவணியில் அவள் தாயாகுமுன்பே முடிவெடுக்கும் பெண்.

ஆயினும் அம்முடிவு நிலைபெறுவதற்கு ஒரு கணவன் வேண்டியிருந்தது. இதுவே இப்படலத்தின் தீராத இடர். மணமாகாத பெண் ஆலயத்தில் இருக்கலாம், அல்லது மனையில் மனைவியாக இருக்கலாம்; தனியே ஒரு மனை அவளுக்கு இல்லை. தமிழ்க் கிறித்தவச் சூழலில் கன்னியர் என்னும் சொல் மடத்துச் சகோதரியரைக் குறிக்கும் சொல்லாகச் சுருங்கியதும் இதனோடு தொடர்புடையது. மடத்திலும் சேராது மணமும் புரியாது வாழும் பெண்ணை, திருமணம் இன்னும் அமையாதவள் என்று காத்திருப்பவளாக மட்டுமே ஊரும் சபையும் காண்கின்றன. பவுல் சொன்ன கொடை அவளுக்கும் உரியது என்பதை ஈரறம் என்னும் இருகூற்றுப் பகுப்பு மறைத்துவிடுகிறது.

குறளில் விருந்தோம்பல் இல்லறவியலைச் சார்ந்தது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி, கணவன் பிரிந்திருந்த காலத்தில் அறவோர்க்கு ஈதலையும் விருந்தினரை எதிர்கொள்ளலையும் தான் இழந்ததாகக் கொலைக்களக் காதையில் கோவலனிடம் உரைக்கிறாள். கணவன் இல்லாத மனையில் விருந்து இல்லை. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தில் மார்த்தா என்பாள் இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்று விருந்தளிக்கிறாள். அங்கே கணவன் பெயர் இல்லை. விரதம் பற்றிய பேச்சும் இல்லை. வீடு அவளுடையது எனவே சொல்லப்படுகிறது.