மலேசியத் தமிழ்ப் போர் நாவல்: தோட்டமும் படையும்

மலேசியத் தமிழ் நாவலில் போர் என்றால் பெரும்பாலும் ஜப்பானியர் காலம்தான். 1941 டிசம்பர் 8 அன்று கோத்தா பாருவில் கரையிறங்கிய ஜப்பானியப் படை, 1942 ஜனவரி 11 அன்று கோலாலம்பூரைப் பிடித்தது. அடுத்து வந்த மூன்றரை ஆண்டுகளைத் தோட்டத்து முதியவர்கள் ஜப்பானியர் அச்சிட்ட வாழைமரக் காசு, மரவள்ளிக்கிழங்கு, சயாமுக்கு ஆள் பிடித்தது என்று சொல்லி முடித்துவிடுவார்கள். நாவலாசிரியர்களும் அந்த நினைவுகளிலிருந்தே தொடங்கினார்கள். அதனால் இங்கே போர்க் கதையின் மையத்தில் நிற்பவன் பெரும்பாலும் பால்வெட்டுத் தொழிலாளி. தோட்டக் குடியிருப்பான லயத்திலிருந்து அழைத்துச் செல்லப்படும்போது, எங்கே போகிறோம் என்பதுகூட அவனுக்குத் தெரியாது.

சயாமுக்கு ஆள் பிடித்தது ஜப்பானியர் அமைத்த ரயில் பாதைக்காகத்தான். பர்மாவின் தான்பியூசயாத்தையும் சயாம் எனப்பட்ட தாய்லாந்தின் பான் போங்கையும் இணைத்த அந்தப் பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கிய பணி 1943 அக்டோபரில் முடிந்தது. நேச நாட்டுப் போர்க் கைதிகளில் 12,000 பேருக்கு மேல் மாண்டார்கள். அவர்களுக்குக் கல்லறைகள் உண்டு, பெயர்ப் பட்டியலும் உண்டு. ஆசியத் தொழிலாளர்களில் மாண்டவர்கள் சுமார் 90,000 பேர் என்று கணிக்கப்படுகிறது. அவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். இவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. இவர்களை நினைவில் நிறுத்தும் வேலையைத் தமிழ் நாவல் தன் தோளில் ஏற்றுக்கொண்டது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இல் வந்தது. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வந்தது. கோ. புண்ணியவானின் ‘கையறு’ அண்மைக் காலத்தது. இந்த ரயில் பாதை பற்றிய ஆய்வாளர் சீ. அருணின் நூலையும் இவற்றோடு சேர்த்து வாசிப்பது பயன் தரும். காலரா, ஆறாத புண், ஓயாத மழை, மூங்கில் கொட்டகை ஆகியவற்றைச் சொல்வதில் இவ்வகை நாவலுக்கு இணையில்லை. கடல்வழி ஆபத்தானதால் பர்மா முனைக்குத் தரைவழி தேவைப்பட்டது என்ற படைக்கணக்கு மட்டும் பின்னால் நின்றுவிடுகிறது. தொழிலாளியின் கண்ணுக்கு எட்டிய தூரமே கதையின் எல்லை.

சீருடை அணிந்த தமிழன், இந்திய விடுதலைக்காகத் திரட்டப்பட்ட இந்திய தேசிய ராணுவத்தின் வழியாகத்தான் நாவலுக்குள் வருகிறான். இந்தோனேசியாவின் மேடானில் வாழ்ந்து ஊர் திரும்பிய ப. சிங்காரம் ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) என இரண்டே நாவல்கள் எழுதினார். வட்டிக்கடையும் துறைமுகமும் ராணுவமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் அந்த உலகத்தை விஞ்ச இன்றுவரை தமிழில் ஒரு போர் நாவல் எழுதப்படவில்லை. மலேசியாவிலிருந்து அதே படையை எழுதியது ரெங்கசாமியின் ‘இமையத் தியாகம்’ (2006). வரலாற்றை விட்டுவிடக் கூடாது என்ற தவிப்பு அதில் கதையைவிட மேலோங்கி நிற்கிறது. ஆனால் கோலாலம்பூரின் நிஜ வாழ்க்கையே நாவலை மிஞ்சுவதாக இருந்தது. 1943இல் அந்த ராணுவத்தின் தலைவர் சுபாஷ் சந்திர போஸின் உரையைக் கேட்டுத் தன் காதணிகளைக் கழற்றிக் கொடுத்த ஜானகி, பதினெட்டு வயதில் அதன் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மா வரை போனார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என அறியப்பட்டவர் இவரே.

கிள்ளான் பள்ளத்தாக்கு நேரடியாக இடம்பெறுவது ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’யில் (2005). ஜப்பானியர் ஆட்சியைச் சிறுவனாகக் கண்டவர் அவர். ஜப்பானியர் சரணடைந்ததற்கும் பிரிட்டிஷார் திரும்பியதற்கும் இடைப்பட்ட நாட்களில் தொப்பியில் மூன்று நட்சத்திரம் அணிந்த கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் ஆதிக்கம் செலுத்தினார்கள். அந்த அச்சம் ஆற்றோர மக்களின் பக்கம் நின்று சொல்லப்படுகிறது. இத்துறையில் மண்வாசனை மிகுந்த நாவல் இதுவே.

சாதாரண மக்களின் பக்கம் நின்று போரைச் சொல்லும் இந்நாவல்களுக்கு எதிர்முனையில் நிற்பது, பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் மேசைப் போர் விளையாட்டுகளிலிருந்து பிறந்த அறிவியல் புனைவு. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987இல் வெளியிட்ட வார்ஹாமர் 40,000 விளையாட்டில் படைப்பிரிவு, ஆயுதம், கட்டளை வரிசை எல்லாம் விதிப்புத்தகத்தில் முதலில் வந்தன. மனிதர்கள் நாவல்களில் பிறகு வந்தார்கள். டான் ஆப்நெட்டின் ‘ஃபர்ஸ்ட் அண்ட் ஒன்லி’ (1999) இவ்வகையின் நல்ல உதாரணம். அதில் தானித் என்ற கோள், அதன் படை திரட்டப்பட்ட நாளிலேயே அழிந்துபோகிறது. மிஞ்சிய வீரர்கள் ஊரில்லாப் படையாகக் காலமெல்லாம் போரிடுகிறார்கள். தாங்கள் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்காக இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து இம்பால் நோக்கிப் போன மலாயா இளைஞர்களை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த வீரர்கள் அந்நியர்களாகத் தெரியமாட்டார்கள். ஒரு படைப்பிரிவையே குடும்பமாக்கி, கட்டளைக்கும் மனச்சாட்சிக்கும் இடையே அதை நிறுத்தும் கலையை ஆப்நெட்டிடம் கற்கலாம்.

கற்றதை எழுதிப் பார்க்கக் களமும் பக்கத்திலேயே இருக்கிறது. 1945 மார்ச்சில் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் ரயில் தளத்தைக் குறிவைத்த நேச நாட்டு விமானக் குண்டுகள் சிலாங்கூர் அருங்காட்சியகத்தின்மீது விழுந்தன. அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று சிலாங்கூரின் மோரிப் கடற்கரையில் பிரிட்டிஷ் படை இறங்கியபோது வண்டிகள் சேற்றில் புதைந்தன. ஜப்பான் முன்பே சரணடைந்திருந்ததால் எதிர்க்க ஆளில்லை. சரணடையாமல் இருந்திருந்தால் அந்தச் சேற்றில் என்ன நடந்திருக்கும் என்பது மேசையில் விளையாடிப் பார்க்கவும், நாவலாக எழுதவும் தக்க கேள்வி. இளம் எழுத்தாளர்கள் அதைக் கையில் எடுக்க வேண்டும். எழுதுமுன் ‘லங்காட் நதிக்கரை’யை ஒருமுறை வாசித்துவிடுவது நல்லது.